றிப்தி காக்காவின் சத்தியம்

இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் றிப்தி காக்கா தொப்பியைக் கழற்றுவார். அதற்குள் இரண்டு தரம் ஊதுவார். விளிம்பை விரலால் நீவி மறுபடி தலையில் வைத்துக்கொண்டு, "பாப்பம்" என்பார். மருதமுனையில் அவருடைய அபாயா தைக்கும் கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். நான் அங்கே துணி வெட்டுகிறேன்.

தையல் மெசினில் இருந்தவள் பஸ்மினா. அவளுடைய புருசன் நெஞ்சுவலியில் மவுத்தானார். அவள் இத்தா இருந்தாள். புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராத காலம். கிழமைக்குக் கிழமை காக்கா தன் மனைவி ஷாஹினாவிடம் அரிசியும் சாமானும் கொடுத்தனுப்பினார். "அந்தப் புள்ளக்கி ஒருத்தனும் போன் எடுக்கப்படா" என்று எங்களுக்கும் கட்டளை. அதற்குள் ஹஜ்ஜுப் பெருநாள் ஓடர்கள் குவிந்தன. பஸ்மினாவின் மெசினில் ஹிமாயா வந்து உட்கார்ந்தாள்.

இத்தா முடிந்து பஸ்மினா வந்தபோது தொப்பி கழன்றது. "பாப்பம் தங்கச்சி." அடுத்த கிழமையும் அதே பாப்பம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் பார்ப்பது? அவள் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தாள்.

விசாரணைக்குக் காக்காவோடு நானும் போனேன். அதிகாரி சுஜிந்தன் முதலில் காக்காவைக் கேட்டார்.

"இவவ ஏன் நிப்பாட்டினீங்க?"

"நான் எங்க சேர் நிப்பாட்டின? அவதானே வராம உட்ட."

"விட்டுட்டா எண்டு நினைச்சா, வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கோணும். போட்டீங்களா?"

காக்கா கதிரையில் நிமிர்ந்தார். "இத்தாவில இரிக்கிற பொம்புளக்கி நான் கடிதம் எழுதுறயா? புறகு ஊருக்குள்ள தல காட்டலாமா சேர்?"

"காதல் கடிதத்த நான் சொல்லல்ல." சுஜிந்தன் சிரிப்பை விழுங்கினார். "அரசாங்க உத்தியோகத்தில இத்தாவுக்கு லீவு இருக்கு. கடைகளுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல. அதுக்காக, வராத ஆள் விட்டுட்டா எண்டு நீங்களே முடிவெடுக்கேலாது. எழுத்தில கேட்கோணும்." பிறகு பஸ்மினாவின் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதும் அறிவிச்சீங்களா?"

"ஓம். திரும்பி வருவன், என்ட மெசின ஆருக்கும் குடுக்க வேணாமெண்டு சொல்லி அனுப்பின. அவருக்குத் தெரியும்."

"வல்லாஹி, எனக்கு அப்பிடி ஒரு சொல்லும் வரல்ல!"

பஸ்மினா அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பார்க்கவே இல்லை.

அவளைத் திங்கட்கிழமை வேலைக்கு எடுக்கும்படியும் எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கும்படியும் சுஜிந்தன் சொன்னார். காக்கா உடனே தலையாட்டினார். "ஹிமாயாவும் பாவம். இன்னொரு மெசின் வாங்குறன் சேர்."

"எனக்கு வேணாம்," என்றாள் பஸ்மினா. "அல்லாட பேரால பொய்ச் சத்தியம் செய்ற ஆள்ற கடையில நான் உழைச்சித் தின்னமாட்டன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. முறைப்பாட்டை வாபஸ் வாங்கிக் கையெழுத்து வைத்தாள். காக்கா சொன்னபடி மெசினை மட்டும் வாங்கினார். அதில் யாரையும் உட்காரவிடவில்லை.

பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு பஸ்மினா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் போன பிறகுதான், ஷாஹினா தன்னிடம் சொன்னதை ஹிமாயா எனக்குச் சொன்னாள். பஸ்மினா சொல்லி அனுப்பியது உண்மை. அரிசி கொண்டுபோன ஷாஹினாவிடம்தான் சொல்லியிருக்கிறாள். புருசன் மவுத்தாகி மாதம் ஆகுமுன் வேலையைப் பற்றிக் கேட்டாள் என்று தெரிந்தால் ஊர் அவளைத்தான் ஏசும் என்று பயந்து, ஷாஹினா அதைக் காக்காவிடம் சொல்லவே இல்லை.