அத்தானின் சொற்கொப்பி

மல்லி வறுக்கிற மணம் மூக்கில் ஏறினால் எனக்குப் பசி வருவதில்லை. அத்தானின் குரல்தான் வருகிறது. "சிங்களத்தில மல்லி எண்டா தம்பி, தெரியுமா மச்சான்?" அந்த வருசம் முழுக்க அதையே கேட்டுத் திரிந்தார். மீன் வாங்குமிடத்தில் கேட்டார். வவுணதீவுக்குச் சைக்கிளில் போனவனை மறித்துக் கேட்டார்.

காரணம் இருந்தது. அக்காவின் இரண்டு பெண்பிள்ளைகளில் மூத்தவள், ஆசுப்பத்திரித் தாதி, கூட வேலைசெய்த பொலன்னறுவைச் சிங்களப் பொடியனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அத்தான் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு திடீரென்று பண்டிதராக எழுந்தார். கொப்பி ஒன்று வாங்கி, தமிழில் எழுதினால் இரண்டு மொழிக்கும் ஒரே எழுத்தாய் விழுகிற சொற்களால் நிரப்பினார். பலா: நமக்கு மரம், அவர்களுக்குக் கீரை. கிரி: நமக்கு மலை, அவர்களுக்குப் பால். அத: அவர்களுக்கு இன்று. "நாம அத எடு எண்டு சொல்லக்குள்ள அது இரண்டாம் வேற்றுமை அத்தான், அவங்கட 'அத' வேற சாதி" என்றேன். கேட்கிற ஆளா அவர்? "எழுத்து ஒண்டுதானே மச்சான், சனமும் ஒண்டுதான்."

இந்த வாக்கியத்தை மேடைகளில் விற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோணியைக் கண்டதுமே நீச்சல் தெரியும் என்கிற கூட்டம். அதில் ஒன்று எங்கள் வளவுக்குள்ளேயே முளைத்துவிட்டது.

பொடியனின் தாயும் தகப்பனும் வாழைக்குலையும் கொக்கிசுப் பலகாரமுமாக வந்தார்கள். மொழிபெயர்ப்பு நான். அத்தான் கொப்பியை விரித்து வாசித்தார், எல்லாரும் சிரித்தார்கள். நாள் பேசினோம், சாப்பாடு பேசினோம், சோடனைப் பூவின் நிறம்கூடப் பேசினோம். கலியாணம் முடிந்து எங்கே இருப்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் அதைக் கேட்பதே இல்லை. பெண்ணுக்கு வீடு கட்டுவோம், மாப்பிள்ளை வந்து குடியிருப்பான், அவ்வளவுதான். மருமகள் தங்கள் வீட்டுக்குத்தான் வருவாள் என்று நினைத்து அவர்களும் கேட்கவில்லை. இரண்டு மொழியும் கரைத்துக் குடித்த பெரிய மண்டை, நானும் கேட்கவில்லை.

புது வீட்டுக்குக் கூரைமரம் ஏறிய கிழமை பொடியனின் தகப்பன் தனியே வந்தார். "யாருக்கு இந்த வீடு?" என்றதை நான் தமிழாக்கினேன்.

"உங்கட மகனுக்குத்தான்" என்றார் அத்தான், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் முகம் கறுத்தது. "எனக்கு ஒரே மகன். எங்கட வயலை ஆர் பாக்கிறது? வீடுவாசல் இல்லாதவன் மாதிரி அவன் பெண் வீட்டில குந்துறதா?"

"பொம்பிளைப் பிள்ளைய அனுப்பினா, வீடு கட்ட வக்கில்லாதவன் எண்டு ஊர் என்னைக் காறித் துப்பும்!"

அவளை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மானங்களும் ஒன்றையொன்று முறைத்துவிட்டு, நான்தான் பிழையாய்ச் சொல்லிவிட்டேன் என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தன. ஒரு சொல்லும் பிழையில்லை.

வீட்டுக்கு வராத மாப்பிள்ளை வேண்டாம், கலியாணமும் இல்லை என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார். நாலாம் நாள் காலை மூத்தவள் பொலன்னறுவை பஸ்ஸுக்குப் பையோடு முற்றத்தில் இறங்கினாள். அக்கா உள்ளே அழுதாள். அத்தான் ஓடு வேயாத அந்தக் கூரையின் கீழ் நின்றார்.

"ஓடும் வந்து இறங்கியிரிக்கு மகள்" என்றார், அதட்டலா கெஞ்சலா தெரியாத குரலில். "இந்த வீட்ட இனி நான் என்ன செய்ய?"

"தங்கச்சிக்குக் குடுங்க அப்பா. எங்க இருக்கப்போறாள் எண்டு முதல்ல அவளக் கேட்டிட்டு."