மிச்சப் பாலுக்கு ஒரு வாழைநார்

“ஏம்மா, இங்கிலீசு ஸ்கூல்ல பால் யாவாரமா சொல்லிக் குடுக்குறாங்க? நாரு கட்டுனா மாடு நல்லா கறக்குமா லா?”

பக்கத்துக் கொட்டகை மாமா இப்படிக் கேட்டதும், குழாயடியில் பால் கேன் கழுவிக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதுதான் உறைத்தது.

சென்ற ஆண்டு, நாட்டுக்கு மெர்டேக்கா என்ற விடுதலை வந்த சமயம் அது. காஜா பேராங்கில் மாடு வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் கறந்த அளவை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் கண் பட்டு மடி வற்றிவிடுமாம். அதனால் ஒரு வீட்டில் மிஞ்சிய பால் புளித்துப்போகும். அதே காலையில் இன்னொருவர் காப்பிக்கடை வாசலில் குறைந்த கேனோடு தலையைச் சொறிந்து நிற்பார்.

அப்போது அப்படி நின்றவர் அப்பா. எங்கள் பசு ஒன்று சினையாகிக் கறவை நின்றிருந்தது. “இன்னொரு தடவ பத்தலன்னா, எல்லாம் டின் பால்தான்” என்று காப்பிக்கடை முதலாளி தவுக்கே சொல்லிவிட்டார். அந்தக் கடை கைவிட்டுப் போனால் என் படிப்பும் நின்றுவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

நான் குழாயடியில் சொன்னது இவ்வளவுதான்: “அளவு சொல்ல வேணாம் மாமா. மிச்சம் இருந்தா சைக்கிள்ல ஒரு வாழைநார் கட்டுங்க. முச்சந்தியில பாக்குறவங்க கேட்டு வாங்கிக்கட்டும்.”

யாரும் கட்டவில்லை. சீனர் விசேஷத்துக்கு ஒரு கடை மூடியிருந்த அன்று எங்களுக்குப் பால் மிஞ்சியது. அப்பாவைக் கேட்காமல் நானே அவர் சைக்கிளில் நாரைக் கட்டினேன்.

முச்சந்தியில் பக்கத்துக் கொட்டகை மாமா அப்பாவை வழிமறித்தாராம். “எனக்குக் கொஞ்சம் கொறையுது. மிச்சம் இருக்கா?”

“நாருதான் தொங்குதே. சிரிச்சீங்கள்ல, இப்ப கேன நீட்டுங்க” என்றாராம் அப்பா.

அடுத்த வாரம் எங்களுக்குக் குறைந்தது. மாமாவின் சைக்கிளில் நார் ஆடியது. தவுக்கேக்கு நிறைந்த கேன் போனது. கடை கையைவிட்டுப் போகவில்லை.

இப்போது முச்சந்தியில் நின்று அரட்டை அடிக்கிறார்கள். “நம்ம ஏற்பாடு” என்கிறார்கள். யார் ஏற்பாடு என்று ஒருவரும் சொல்வதில்லை. கொட்டகைப் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பள்ளியில் என் பக்கத்து இருக்கைப் பெண் சாணி நாற்றம் என்று தள்ளி உட்காருகிறாள். பால் மிஞ்சும் நாளில் அப்பா தாமே நாரைத் தேடி எடுத்துக்கொள்கிறார்.

செங் ஊர்ப் பக்கத்துப் பால்காரர்கள் டவுனுக்கு வேறு வழியாக வருகிறார்கள். எங்கள் நார் அவர்கள் கண்ணில் படாது. அவர்களுடைய மிச்சமும் எங்களுக்குத் தெரியாது. மிஞ்சும் நாளில் அவர்களும் நார் கட்டி எங்கள் முச்சந்தி வழியாக வந்தால் போதும்.

போன சனிக்கிழமை தனியாக செங் பஸ் ஏறினேன். முதல் கொட்டகையில் நாய் குரைத்தது. “யாரு வீட்டுப் பொண்ணு நீ?” என்று மாட்டுக்காரர் எழுந்து வந்தார். அப்பா பெயரைச் சொல்லவில்லை. பள்ளிப் பையைத் திறந்து, ஒரு கற்றை வாழைநாரை அவரிடம் நீட்டினேன்.