ருமேனாவின் கடவாய்ப்பல்

காப்பி ஆறுவதற்குள் விதோமிர் வண்டிக்கு அடியில் இரண்டு தடவை போய் வந்துவிடுவார். முதல் தடவை எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்க்க. இரண்டாவது தடவை, முதல் தடவை பார்த்தது சரிதானா என்று பார்க்க. முற்றத்துப் பிளம் மரத்தடியில் நிற்கும் அந்தப் பச்சை நீவா ஜீப்புக்கு வயது முப்பத்தெட்டு, அவருக்கு ஐம்பத்தொன்பது. படுப்பதற்கென்று பழைய கம்பளத் துண்டு ஒன்று வண்டியின் அடியிலேயே கிடக்கும். "கட்டிலைவிட அதுலதான் அந்த மனுஷன் முதுகு அதிகமாப் பட்டிருக்கு" என்பாள் அவர் மனைவி ருமேனா.

வாரத்தில் ஐந்து நாள் இவானிட்சா நகரத்துக்குப் போகும் வழியிலுள்ள மர மில்லில் ரம்பம் தீட்டுவது அவர் வேலை. மீதி நாள் முழுக்க நீவாவுக்கு. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் அந்த மலைச்சரிவில் ராஸ்பெரிப் பழப் பெட்டிகளைக் கீழே இறக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ராஸ்பெரிக்காக யாரும் எஞ்சின் காற்றாடியை மின்சாரத்துக்கு மாற்றி, முகப்பு விளக்கை இரண்டு தடவை மாற்றி, கதவுக்கு உள்பக்கம் கம்பளி ஒட்டமாட்டார்கள். கழற்றிய எதையும் அவர் எறிவதில்லை. மிளகாய் ஊறுகாய் போட்ட ஜாடிகளில் எண்ணெய் ஊற்றி அதற்குள் போட்டு, 'இடது முன், 2009' என்று சீட்டு ஒட்டி அடுக்கி வைப்பார். விருந்தாளி யாராவது வண்டிக் கதவைச் சற்று ஓங்கிச் சாத்திவிட்டால் போயிற்று. "மெள்ள, மெள்ள! ஃபிரிட்ஜ் கதவுன்னு நெனச்சியா?"

நீவாவின் நடுவயிற்றில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. எஞ்சினின் இழுவையை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது நேர்கோட்டிலிருந்து முடி கனம் விலகினாலும் வண்டி முழுக்க ஓர் உறுமல் கிளம்பும். வருடா வருடம் ராஸ்பெரி பறிப்புக்கு முன்னால் விதோமிர் அதை நேராக்குவார். வண்டியை மரக்கட்டைகள்மேல் தூக்கி வைத்து, சக்கரம் அந்தரத்தில் சுழல, எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, அடியில் போய், ஜாம் டப்பா மூடியில் வெட்டிய தகட்டைப் பெட்டியின் காலுக்குக் கீழே செருகவோ உருவவோ வேண்டும். மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் ருமேனா. அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்து, அந்தப் பெட்டியிலிருந்து மேலே நீண்டிருக்கும் குட்டைக் கம்பியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, பற்களை லேசாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொண்டாளானால் போதும். "இன்னும் கடவாப்பல்லுல இருக்கு." ஒரு தகடு. "இப்ப முன்பல்லுக்கு வந்துருச்சு." இன்னொரு தகடு. "ம். போயிருச்சு." நகரத்து மெக்கானிக் கருவி வைத்துக் கண்டுபிடிக்காததை அவள் பல் கண்டுபிடிக்கும். வருடத்தில் மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் பேச்சு, "உப்பு எங்க?" "அங்கதான்" என்ற அளவோடு நின்றுவிடும். அந்த இரண்டு மணி நேரம் மட்டும் அவள் சொல்ல இவர் கேட்பார். விதோமிருக்கு வருடத்திலேயே பிடித்த நாள் அது. அதை அவர் அவளிடம் சொன்னதில்லை.

இந்த வருடம் ஓப்ரென் ஒரு நீவா வாங்கினான்.

ஓப்ரென் விதோமிரின் கூம். இவர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நின்றவன், இவர் மகளுக்குப் பெயர் வைத்தவன். ரத்த உறவில் ஒருவனைப் பகைத்துக்கொண்டாலும் ஊர் மன்னிக்கும்; கூம் கேட்டு இல்லை என்றால் மன்னிக்காது. அவன் வாங்கியது ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவர் கொட்டகைக்குள்ளேயே வைத்திருந்த வெள்ளை வண்டி. இவர் வண்டியைவிட இரண்டு வயது மூத்தது, ஓடியதோ இதில் பத்தில் ஒரு பங்கு.

ஓப்ரென் வீட்டுப் புனிதரின் திருநாளில்தான் விதோமிர் அதை முதலில் பார்த்தார். உள்ளே மேசையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது, பன்றி வறுவல் வந்துகொண்டிருந்தது, இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு முற்றத்தில் அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். துருவைத் தேடினார். சக்கர வளைவில், கதவின் அடியில், தரைத் தகரத்தின் மடிப்பில், எங்கேயாவது நகம் இறங்காதா என்று சுரண்டிப் பார்த்தார். எங்கும் இறங்கவில்லை. வெளியே வந்தபோது சட்டை முதுகு கறுத்திருந்தது. துரு ஒட்டாத விரல் நுனி பளிச்சென்றிருந்தது. அந்தச் சுத்தமான விரலை அவர் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எப்டி கூமே, தேறுமா?" என்றான் ஓப்ரென், ராக்கியா சாராயத்தை நீட்டியபடி.

"பரவால்ல. டயர் கொஞ்சம் பழசு."

ருமேனா உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். க்ளிக் என்றது, அவ்வளவுதான். "மனுஷா, பாத்தியா? நம்மளுது மாதிரி தோளால இடிக்க வேண்டாம்!"

சுற்றி நின்ற இருபது விருந்தாளிகள் சிரித்தார்கள். விதோமிரும் சிரித்தார், எரிந்துகொண்டு.

"ஒரே ஒரு குறைதான்" என்று மேசையில் சாப்பிடும்போது ருமேனாவிடம் சொன்னான் ஓப்ரென். "பெட்டி உறுமுது. கூமா, ஒரு ஞாயித்துக்கிழம வந்து உன் பல்லக் கொஞ்சம் குடேன்." பிறகு இவர் பக்கம் திரும்பி, "கூமே, உனக்கு ஒண்ணும் இல்லையே?"

மேசை முழுக்க இவரைப் பார்த்தது. "எனக்கென்ன?" என்றார் விதோமிர். வாயிலிருந்த வறுவல் சக்கையாகிவிட்டது.

அந்த வாரமே உயரமான ஸ்பிரிங் நான்கு வரவழைத்தார். மூன்று சாயங்காலம் கம்பளத் துண்டிலேயே குடியிருந்து, நீவாவை நான்கு விரற்கடை தூக்கினார். துருவில் தோற்றால் உயரத்தில் ஜெயிப்பது. தெருவில் ஓப்ரெனின் வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாகக் கீழ்நோக்கிப் பேசியபோது மனம் குளிர்ந்தது. ஆனால் வண்டியைத் தூக்கினால் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளெல்லாம் சாய்ந்துகொள்ளும். ரம்பத்தில் கால் மில்லிமீட்டர் கோணலைக் கண்டுபிடிக்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். பொறாமை வந்தவன் கணக்குப் போடுவதில்லை, அவ்வளவுதான். உறுமல் இரண்டு மடங்காயிற்று.

ருமேனா கம்பியில் கை வைத்தவுடன் எடுத்துவிட்டாள். "இது பல்லுல இல்ல, மண்டைக்குள்ள இருக்கு. தகடு வச்சா தீராது. பழைய ஸ்பிரிங்க போட்டுட்டுக் கூப்பிடு."

"போட மாட்டேன்."

"அப்ப கூப்பிடாத." அவள் இறங்கித் தோட்டத்துக்குப் போய்விட்டாள். வருடத்தின் அந்த நாள் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குட்டை கட்டிக்கொண்டு ஓப்ரென் வீட்டுக்குக் கிளம்பினாள். கூப்பிடாமலே இவரும் கூடப் போனார். ஓப்ரெனுக்கு இடுப்புப் பிடிப்பு. அடியில் போக ஆள் வேண்டும் என்பது நல்ல சாக்காக வாய்த்தது.

நெட்டைக்காலன் ஓப்ரென், தனக்காகப் பின்னால் தள்ளி வைத்திருந்த ஓட்டுநர் இருக்கையை ஒரு கையால் பிடித்து இழுத்தான். அது தண்டவாளத்தில் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. ருமேனா உட்கார்ந்தாள், கால் மிதியில் முழுதாகப் பதிந்தது. "அட, எட்டுதே!" என்றாள். விதோமிர் அதைக் கேட்டார். அவருடைய நீவாவில் அந்த இருக்கை துருப்பிடித்து ஒரே இடத்தில் இறுகிப் பதினோரு வருடம். ருமேனா முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு, விளிம்பில் தொற்றி உட்கார்ந்து, நுனிக்காலால் மிதிப்பாள். காற்றாடியை மாற்றினார், விளக்கை மாற்றினார், கம்பளி ஒட்டினார். இருக்கையை நகர்த்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவளும் கேட்டதில்லை.

"கடவாப்பல்லுல இருக்கு" என்றாள். எஞ்சினை நிறுத்தினாள். விதோமிர் அடியில் போனார். மேலே ஓப்ரென் ஏதோ சொன்னான். தகரத்தைத் தாண்டி வார்த்தை வரவில்லை, ருமேனாவின் சிரிப்பு மட்டும் வந்தது. தன் வண்டிக்கு அடியில் கிடந்து அந்தச் சிரிப்பை அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை.

இரண்டாவது தகடு. "முன்பல்லு." மூன்றாவதைச் செருகியதுமே அவருக்குக் கையிலேயே தெரிந்துவிட்டது, இதுதான் இடம் என்று. கடைசி நட்டில் ஸ்பேனர் இருந்தது. அரைச் சுற்று விட்டுவைத்தால் போதும். ஒரு மாதத்தில் உறுமல் திரும்பும், குற்றம் யார்மேலும் வராது. 'எல்லாம் பளபளப்புதான், உள்ள ஒண்ணும் இல்ல' என்று தெருவில் சொல்லலாம். ஸ்பேனரைப் பிடித்தபடி சற்று நேரம் கிடந்தார். மனம் இறுக்க வேண்டாம் என்றது, கை இறுக்கிவிட்டது. நாற்பது வருடம் இறுக்கியே பழகிய கை. அந்தக் கைமேல் அவருக்கு ஆத்திரமாக வந்தது.

எஞ்சின் ஓடியது. ருமேனா கண்ணை மூடினாள். பல்லைப் பல்மேல் வைத்துக்கொண்டாள்.

"போயிருச்சு" என்றாள், கோயிலில் பேசுகிற குரலில். "சுத்தமா இல்ல. விதோ, வந்து கை வச்சுப் பாரேன், வந்து பாரு!"

அவர் வந்து வைத்துப் பார்த்தார். கம்பி கல்லில் நட்டதுபோல் நின்றது. "ம்" என்றார்.

"கூமா, நீ தெய்வம்" என்றான் ஓப்ரென். "அடுத்த வாரம் பிரேக்கு பாக்கணும், அதுக்கும் வந்துரு. சீட்டு அப்படியே இருக்கட்டும், உன் அளவுக்கு." இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, காப்பி ஆறுது" என்று உள்ளே நடந்தான். ருமேனா தலைக்குட்டையைச் சரிசெய்தபடி அவன் பின்னால் போனாள்.

விதோமிர் நின்றார். கையைத் துணியில் துடைத்தார், வாசலைப் பார்த்தார், வெள்ளை நீவாவுக்குள் குனிந்து இருக்கையின் கொக்கியை விடுவித்தார். விரலால் தள்ளினாலே பின்னால் போய்விடுகிற இருக்கை அது. அவர் இரண்டு கையாலும் தள்ளினார்.