ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த இன்குபேட்டர்

1. மைசூர்பா

“எல்லாம் செத்துப்போச்சுங்க மணி! ஒண்ணுகூடப் பொழைக்கல!” என்று சொல்லி, லேபை நடத்தும் பேராசிரியர் மேடம் என் கையில் ஒரு மைசூர்பாவை வைத்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் சாவுக்கு இனிப்பு கொடுப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் இருபது வருஷம் நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். மில்லை மூடிய பிறகு, கோவையில் ஒரு கல்லூரியின் செல் வளர்ப்பு லேபில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பார்க்கின்சன் நோயில் மூளைக்குள் டோபமின் சுரக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. கை நடுங்கும், நடை தளரும். அவை எப்படிச் சாகின்றன என்று பார்ப்பதற்காக, எங்கள் லேபில் தட்டில் வளர்த்த செல்களுக்கு ரோட்டினோன் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்தோம். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒரு பவர்ஹவுஸ் இருக்கிறது. ரோட்டினோன் நேராகப் போய் அதில் கை வைக்கும். சப்ளை குறையும். அங்கிருந்து கசியும் கழிவு மற்றதையெல்லாம் அரிக்கும். ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம் கட்டி கட்டியாகச் சேர்ந்து நிற்கும். அந்த லேபில் எனக்கு உடனே புரிந்த விஷயம் இது ஒன்றுதான்.

மிகச் சிறிய அளவு மருந்தும் அந்தப் புரதக் கட்டியும் சேர்ந்தால் போதும், செல் செத்துவிடும் என்பது மேடத்தின் கொள்கை. செல்களோ மூன்று வருஷமாகச் சாகவே இல்லை. அவை முதலில் ஒரு புற்றுக்கட்டியிலிருந்து எடுத்தவை, ஆயுசு கெட்டி. மேடம் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆராய்ச்சி மாணவி ரஸியா தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேறு வழிகாட்டியைத் தேடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ரஸியாவுக்கு வீடு உக்கடம். அவள் அப்பா, அவள் வாயில் ‘அத்தா’, தையல்காரர். அவருக்கும் இதே நோய்தான், ஊசியில் நூல் கோத்து இரண்டு வருஷம் ஆகிறது.

அன்று இனிப்பை வாயில் வைக்காதவர்கள் இரண்டு பேர். “மீடியம் ஏண்ணா இப்படி ஊதாக் கலரா கெடக்கு?” என்று, தட்டில் செல்கள் வளரும் அந்தத் திரவத்தையே ரஸியா பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் நான்.

2. மில் கை

மில்லில் ஆயுத பூஜை என்றால் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெயினை ஆஃப் செய்துவிடுவோம். வருஷம் முழுக்க ஓடிய மெஷினுக்கு அன்று ஓய்வு. விஜயதசமி முடிந்த பிறகுதான் ஆன்.

“போறப்ப எல்லாத்துக்கும் ஒரு பொட்டு வெச்சுபோட்டுப் போங்க மணி,” என்று விடுமுறைக்கு முந்தின நாள் மேடம் சொன்னது உண்மை. ஸ்விட்சைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. செல்கள் இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி சூடும் கார்பன் டை ஆக்சைடும் ஒரே சீராக இருந்தால்தான் செல் பிழைக்கும் என்று எனக்குச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். தலையையும் ஆட்டியிருந்தேன். ஆனால் கை மில் கை. பொட்டு வைத்தது, பூ வைத்தது, ஆஃப் செய்தது. இரண்டு நாள் விடுமுறை கழித்து எல்லோருக்கும் முன்னால் வந்து, கும்பிட்டுவிட்டு ஆன் செய்தேன்.

மருந்து கொடுத்த செல்கள் அதற்குள் இருந்தன. மருந்து கொடுக்காத கன்ட்ரோல் செல்கள் பூட்டிய பக்கத்து அறையில் வேறொரு இன்குபேட்டரில் இருந்தன. அதற்குப் பொட்டும் இல்லை, ஓய்வும் இல்லை. அதனால் இது செத்து அது பிழைத்து, ரிசல்ட் அழகோ அழகு.

கார்பன் டை ஆக்சைடு நின்றுபோனால் அந்தத் திரவம் ஊதாவாகும் என்று எனக்குத் தெரியும், ரஸியா ஊதா என்றதுமே இனிப்பைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது. மத்தியானம் வரை தாங்கினேன். பிறகு இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“மருந்துதானுங்க கொன்னிருக்கும். ஸ்விட்சு கொஞ்சம் ஒத்தாச பண்ணியிருக்கும். அவ்வளவுதானே?”

எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ரஸியா எழுந்து நின்றாள். “எங்கத்தாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான் மேடம் இந்தப் படிப்புக்கு வந்தேன். இன்குபேட்டர ஆஃப் பண்ணுனா செல்லு சாகும்னு எழுதிக் குடுக்கட்டுங்களா?”

மேடம் மைசூர்பா பெட்டியை மூடிவிட்டு, “எக்ஸ்பெரிமென்ட்டத் திரும்பப் போடு கண்ணு. ரெண்டு தட்டையும் ஒரே இன்குபேட்டருக்குள்ள வையி,” என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை.

3. சாகாததற்குப் பட்டம்

மூன்று முறை திரும்பப் போட்டாள். மூன்று முறையும் செல்கள் பிழைத்துக்கொண்டன. சரி, ஏன் சாகவில்லை என்று பார்க்க ஆரம்பித்தாள். அந்தச் சிறிய அளவு மருந்தால் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை செல்லே பிரித்துக் கழித்துவிட்டு, நல்லதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. அதையே தீசிஸாக எழுதி பிப்ரவரியில் கொடுத்தாள். கொல்வதற்காக மூன்று வருஷம் பாடுபட்ட லேபில், சாகாததற்குப் பட்டம் கிடைத்தது. அன்றும் மைசூர்பா வந்தது, பெட்டி மட்டும் கொஞ்சம் சிறியது.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தப்பு நடந்தால் அன்று மத்தியானத்துக்குள் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் ஆனால் சொல்லாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

லேபில் தன் கடைசி நாளில் ரஸியா இன்குபேட்டரில் ஒரு சீட்டு ஒட்டினாள்: “பொட்டு வைக்கலாம். ஸ்விட்சைத் தொடக்கூடாது.” நான் பக்கத்தில் நின்று, “எம்மேல கோவமில்லியா கண்ணு?” என்று கேட்டேன்.

“கோவமாண்ணா? எங்கத்தா தலைக்குள்ள யாரு ஸ்விட்ச ஆஃப் பண்ணுனாங்கன்னு ஊரு உலகமெல்லாம் தேடிக்கிட்டிருக்கு. நாந்தான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல. நீங்க ஒருத்தருதான் வந்து சொன்னீங்க,” என்றாள்.