வில்லறையின் சூடு

மங்சோக் தென்கடற்கரைக் கோட்டையின் அடிமை. வில்லறையைக் காப்பது அவன் வேலை. அடைமழைக் காலத்தில் அந்தக் கோட்டையில் ஒழுகாத கூரை ஒன்றே ஒன்றுதான், அதுவும் விற்களுக்கு. எருமைக்கொம்பு, மூங்கில், மாட்டு நரம்பு எல்லாவற்றையும் மீன்பசையால் ஒட்டிச் செய்தவை அவை. ஈரம் பட்டால் பசை இளகி, நாண் ஏற்றும்போதே பிளந்துகொள்ளும். அதனால் தரையைச் சூடாக்க அதன் அடியில் எரியும் நெருப்பு அணையவே கூடாது. மனித மூச்சும் ஈரம்தான் என்று உள்ளே யாரையும் படுக்க விடுவதில்லை. அங்கே துணி காயப்போட்ட முந்தைய காவல்காரன் அடி தாங்காமல் செத்தான்.

மங்சோக்குக்குப் பயம் மட்டுமா? அந்த வேலையில் கர்வமும் இருந்தது. பாழாய்ப்போன கர்வம்!

கடற்கொள்ளையர் வருகிறார்கள் என்று செய்தி வந்த வாரம், அவன் கைக்குழந்தைக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. எமன் கண்ணில் படாமலிருக்க ‘நாய்ப்பீ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவி சம்வொல் நனைந்த பாவாடையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வில்லறை வாசலுக்கு வந்தாள்.

“ஏய்யா, புள்ள வெடவெடன்னு நடுங்குது. செத்த நேரம் அந்தத் தரையில போட்டுக்கறேன்.”

“ஈரத்தோட உள்ள வராத. வில்லு கெட்டுப்போச்சுன்னா கோட்டையே போயிரும்.”

“நான் வரல. புள்ளைய மட்டும் வாங்கிக்க.”

“அதுவும் நனஞ்சுதான இருக்கு? போடி, சொன்னா கேளு.”

ரெண்டு கொள்ளியாவது கொடு என்று கேட்டாள். காய்ந்த விறகு விற்களுக்கே போதாது என்றான். அவள் குடிசைக்குத் திரும்பினாள். பொழுது சாய்வதற்குள் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் மழை சற்று விட்டதும் கொள்ளையர் கப்பல்கள் வந்தன. அழுது தீர்க்கக்கூட மங்சோக்குக்கு நேரமில்லை. ஒவ்வொரு வில்லையும் தணலில் வாட்டி, எதிர்ப்பக்கமாக வளைத்து, நாண் ஏற்றி, கோணல் பார்த்துக் கொடுத்தான். ஒன்றுகூடப் பிளக்கவில்லை. கப்பல்கள் திரும்பி ஓடின.

தளபதி வில்லறைக்கே வந்து, ஒரு வில்லைத் தடவிப் பார்த்தார்.

“அடேய், பெத்த புள்ள மாதிரியில்ல பாத்துக்கிட்டிருக்க!”

மங்சோக் தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டான். அவர் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

வாசலில் நின்ற சம்வொல் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மறுபடி பிடித்த மழையில் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, உள்ளே வந்து, அந்தச் சூடான தரையில் படுத்துக்கொண்டாள்.

“இப்பச் சொல்லுய்யா,” என்றாள், “வெளிய போன்னு.”