கோதுமை விளையாத ஊரில் ஒரு கோதுமைக்காரர்

“இலையைத் தொடாதையும் பிள்ளை. உம்மடை விரலிலை ஒட்டினது அடுத்த தொட்டிக்குப் போகும்” என்றார் பேரின்பநாயகம், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சந்திரமதி கையை இழுத்துக்கொண்டாள். புக்கிட் தீமாவில் இருந்த அந்தப் பயிர் ஆய்வு நிலையத்தில் தட்டச்சராகச் சேர்ந்து அன்று மூன்றாம் நாள். கோதுமையே விளையாத சிங்கப்பூரில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டாள். விளையாததால்தான் என்றார். வயல் உள்ள ஊரில் துருநோயின் வித்துத்தூள் காற்றில் வந்து எந்தச் செடியிலும் இறங்கிவிடும். எது நாம் போட்டது, எது தானாய் வந்தது என்று யார் கண்டது? “இஞ்ச நாங்கள் போட்டால்தான் நோய்.” பிறகு அவள் கேட்காததையும் சொன்னார். நோய் தாங்கும் ரகத்தைத் தாங்காத ரகத்தோடு சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் தாங்கும். பேரப்பிள்ளைகளில் நாலுக்கு ஒன்று விழும். “அந்த ஒண்டைத்தான் நான் எண்ணுறன்.”

செடிகள் இருந்தது குளிரூட்டிய கண்ணாடி அறையில். நிலையத் தலைவரான வெள்ளைக்கார டாக்டர் துரையே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். பேரின்பநாயகம் அரைக்கைச் சட்டையோடு மணிக்கணக்கில் நிற்பார். துரு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஒவ்வொரு இலைக்கும் பூஜ்ஜியம் முதல் நாலு வரை மதிப்பெண். காலையில் போட்டதைப் பார்க்காமல் மாலையில் மறுபடி போடுவார். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறை. தொட்டி கழுவும் முத்தாயி அவரைச் சீண்டாத நாள் கிடையாது. “நாலு மாசமா வளக்குறீங்க, ஒரு புரோட்டாவுக்கு மாவு தேறாது லா” என்பாள். அவர் சிரிக்கமாட்டார். ஆனால் அவள் வராத நாளில் இரண்டு தடவை வாசலைப் பார்ப்பார்.

செங்கல்பொடி நிறத்தில் இருக்கும் வித்துத்தூளை டால்க் பவுடரில் கலந்து ஈர இலைகள்மேல் ஊதுவது அவர் வேலை. நெற்றியில் திருநீறு பூசாமல் அந்தத் தூளைத் தொடமாட்டார். காகிதப் பொட்டலம் குளிரறையில் நமுத்துப்போனதால், காலியான டால்க் டின் ஒன்றில் திருநீற்றைக் கொட்டி, தன்னைத் தவிர யாரும் தொடாத மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

1958 ஆடியில் கப்பலில் தொண்ணூற்றாறு பேரப்பிள்ளை விதைகள் வந்தன. இரண்டு வருட ஒட்டுச் சேர்க்கையின் பலன். வேறு விதை இல்லை. எல்லாவற்றையும் விதைத்து, முளைத்ததும் தூளை ஊதினார். பதினான்காம் நாள் ஓர் இலையிலும் புள்ளி இல்லை. நேரே மூலைத் தொட்டிக்குப் போனார். எப்போதும் விழும் ரகத்தை ஒத்துப்பார்ப்பதற்காக அதில் வளர்த்திருந்தார்கள். அதுவும் பச்சைப்பசேலென்று நின்றது. செடிகள் நோயைத் தாங்கவில்லை. நோய் அவற்றைத் தொடவே இல்லை.

டாக்டர் மிஞ்சிய தூளில் அமிலம் ஒரு சொட்டு விட்டார். நுரைத்தது. டால்க் நுரைக்காது, சாம்பல்தான் நுரைக்கும். சாம்பலின் காரத்தில் வித்துத்தூள் செத்திருந்தது. அலமாரியைத் துடைப்பதும் டின்களை அடுக்குவதும் முத்தாயிதான்; பழி அவள்மேல் விழுந்தது. தான் ஒன்றும் மாற்றவில்லை என்று அவள் தமிழிலும் மலாயிலும் சொல்லிப் பார்த்தாள். தஞ்சோங் பகாரில் ஒற்றை அறையில் இரண்டு பெண்பிள்ளைகளை அவள் ஒருத்தியாக வளர்த்துவந்தாள். நாலு மணிக்குள் அவளுடைய வேலைநீக்கக் கடிதம் கையெழுத்துக்கு வரவேண்டும் என்று சந்திரமதியிடம் சொல்லிவிட்டு டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார்.

தட்டச்சு மேசையிலிருந்து கண்ணாடி வழியே குளிரறை தெரியும். பேரின்பநாயகம் இழுப்பறையைத் திறந்து திருநீற்று டின்னை எடுத்தார். இரு விரலில் கொஞ்சம் தேய்த்தார். திருநீறாக இல்லாமல் டால்க்காக வழுக்கியது போலும், இன்னொரு முறை தேய்த்தார். முகர்ந்தார். நிமிர்ந்தபோது சந்திரமதி பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் பார்வையை விலக்கவில்லை. ஓய்வூதியத்துக்கு அவருக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவருடைய பணிக்கோப்பைத் தட்டச்சு செய்தவளே அவள்தான். தான் கண்டதைப் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை. பெயர் வரவேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற வரிகளை மெதுவாக அடித்தாள்.

மூன்றரை ஆனது. வெளியே முத்தாயி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பேரின்பநாயகம் அவளைக் கடந்துபோனார், திரும்பி வந்தார், மறுபடி குளிரறைக்குள் போனார். மூன்றே முக்காலுக்குச் சந்திரமதியின் மேசையருகே வந்து நின்றார். நெற்றியில் வியர்வை.

“அடிச்சு முடிஞ்சுதோ?”

“பேர் மட்டும் பாக்கி சார்.”

இயந்திரத்தில் இருந்த தாளைக் குனிந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

“ஒரு சொல்லும் மாத்தவேண்டாம் பிள்ளை. அந்த இடத்திலை என்ரை பேரை அடிச்சுத் தாரும். நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்.”