கண்டக்டர் கர்ணனின் பதினாறு கிலோ

கண்டக்டர் இல்லாமல் ஒரு பஸ் சின்னமனூரிலிருந்து சீலையம்பட்டி வரைக்கும் போன கதையைக் கம்பத்து டிப்போவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் கண்டக்டர் கர்ணன். வருஷம் இரண்டாயிரத்து ஒன்று, ஆவணி மாதம், முகூர்த்த நாள்.

கம்பம் – திருச்சி வண்டி. சின்னமனூரில் டைம் கீப்பரிடம் நேரம் பதிந்துவர இறங்கியிருந்தார் கர்ணன். வண்டிக்குள் யாரோ ஒரு குழந்தை கையில் பிளாஸ்டிக் விசில். அது இரண்டு முறை ஊதிவிட்டது. டிரைவர் வைகுண்டராஜ் பதினெட்டு வருஷமாக விசிலுக்கு வண்டி எடுத்துப் பழகியவர். கியரைப் போட்டு எடுத்துவிட்டார்.

கடைவீதி நெரிசலில் பஸ் ஊர்ந்துதான் போனது. சாதாரண உடம்புக்காரன் யாராக இருந்தாலும் எட்டிப் பிடித்துப் படியில் தொற்றியிருக்கலாம். கர்ணனும் ஓடினார். தோல்பை தொடையில் அடிக்க, நாற்பது தப்படி ஓடியிருப்பார். நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. தேங்காய்க் கடை வாசலில் குவித்திருந்த தேங்காய்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ் கண்ணெதிரே வளைவில் திரும்பி மறைந்தது.

சீலையம்பட்டியில் இறங்க வேண்டிய ஒரு பெண் விசில் அடிக்கச் சொல்லிக் கண்டக்டரைத் தேடியபோதுதான் அவர் வண்டிக்குள் இல்லாதது தெரிந்தது. வைகுண்டராஜ் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தார். வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்றில் கர்ணன் வந்து இறங்கினார். பயணிகள் சன்னலுக்குச் சன்னல் தலையை நீட்டிச் சிரித்தார்கள். வைகுண்டராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏலே கர்ணா, பத்து எட்டு எட்டி வச்சா பிடிச்சிருக்கலாமேடா. அதுகூடவா முடியல?"

கர்ணன் தோல்பையை இழுத்துவிட்டுக்கொண்டு படியில் ஏறினார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருந்த குடும்பம். அண்ணன் தோட்டத்தோடு நின்றுவிட, இவர் கண்டக்டர் லைசென்ஸ் எடுத்து வேலைக்கு வந்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது அறுபத்து மூன்று கிலோ. பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய் போட்டால் விளக்குச் சுற்றி அட்டை துப்பும் எடை மெஷின் இப்போது நூற்று மூன்று என்றது. அட்டையின் பின்பக்கம் 'உங்கள் முயற்சி வெற்றி பெறும்' என்று அச்சடித்திருந்தது. எல்லா அட்டையிலும் இப்படி ஏதாவது இருக்கும்தான்.

கம்பத்தில் ஒரு டாக்டரிடம் போனார். ரத்தக் கொதிப்பு நூற்று அறுபதுக்கு மேல். டாக்டர் மாத்திரை எழுதினார். "இருபது கிலோ குறைங்க. மாத்திரையைக் குறைக்கிறதப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

தெரிந்த வழி பட்டினிதான். காலையில் மோர், மதியம் மோர், ராத்திரி இரண்டு இட்லி. மனைவி முனீஸ்வரி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஆறு நாள் போனது. மூன்று கிலோ இறங்கியது. ஏழாம் நாள் தேவதானப்பட்டி தாண்டும்போது டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவருக்குக் கண் இருட்டியது. கம்பியைப் பிடித்தபடியே படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்தார். பயணி ஒருவர் கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். இன்னொருவர் இரண்டு வாழைப்பழம் கொடுத்தார். அன்று மதியம் ஓட்டலில் கர்ணன் ஏழு பரோட்டாவும் ஒரு தட்டுக் கோழி வறுவலும் சாப்பிட்டார். நான்கே நாளில் மூன்று கிலோவும் திரும்பி வந்துவிட்டது.

வெளியூர் வண்டிகள் நிற்கும் ஓட்டல்களில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம். வத்தலக்குண்டு தாண்டிச் சாலையோரம் இருந்த அந்த ஓட்டலிலும் அப்படித்தான். பின்பக்கம் தனி அறை, மின்விசிறி, கேட்காமலே வந்து விழும் பரோட்டா, சால்னா, ஆம்லெட். வைகுண்டராஜும் அதையேதான் பதினெட்டு வருஷமாகத் தின்கிறார். ஆனால் ஆள் சவுக்குக் கம்பு மாதிரி இருந்தார். கர்ணனுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

"அவுக உடம்பு அப்படி. அவுகளப் பாத்து நீங்க திங்க முடியுமா?" என்றாள் முனீஸ்வரி. "பட்டினி கிடக்க வேணாம். நான் டப்பால கட்டித் தாரேன். அதத் தின்னுங்க, வேற எதையும் தொடாதீக."

டப்பாவில் பாதிதான் சோறு. மீதிப் பாதி கீரை, அவரைக்காய், வெண்டைக்காய் என்று அன்றைக்குச் சந்தையில் கிடைத்தது. முதல் நாள் அதை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார் கர்ணன். இரண்டு கவளம் போயிருக்காது, ஓட்டலின் கல்லாவில் உட்காரும் பாண்டீஸ்வரன் எழுந்தே வந்துவிட்டார்.

"என்ன கண்டக்டரே, நம்ம சாப்பாட்டுல எதும் குறையா? முடி கிடி கிடந்துச்சா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

"பின்ன? வண்டி கண்டக்டரே வாசல்ல உக்காந்து டப்பாச் சோறு தின்னா, இறங்குற சனம் என்ன நினைக்கும்? இவரே திங்காத கடையில நாம எதுக்குத் திங்கணும்னு நினைக்காது?"

பின்னாலேயே வைகுண்டராஜும் கையைக் கழுவாமல் வந்து நின்றார். அவருக்கு வேறு கோபம். "நீ இங்கன உக்காந்துக்கிட்டா, நான் ஒருத்தன் மட்டும் உள்ள உக்காந்து ஓசில முழுங்குறவன் மாதிரில்லடா தெரியுது!"

கர்ணன் டப்பாவை மூடி வைத்தார். வேறு காரணம் சொல்லித் தப்பிக்க அவருக்குத் தெரியவில்லை. சீலையம்பட்டிக் கதையைத் தன் வாயாலேயே முதலிலிருந்து சொன்னார். தேங்காய் மேல் உட்கார்ந்ததையும், மினி லாரியில் வாழைத்தாரோடு போனதையும், டாக்டர் சொன்னதையும் சொல்லி முடித்தபோது பாண்டீஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கும் வயிறு சின்னதில்லை.

"இத முன்னாலயே சொல்றதுக்கென்ன? உள்ள வாங்க. உங்க டப்பாவ உள்ள உக்காந்து தின்னுங்க. அவிச்ச முட்டை ரெண்டும் வெங்காயமும் நாங்க வைக்கிறோம். எங்க கைல ஒண்ணுமே வாங்காமப் போகக்கூடாது."

அன்றிலிருந்து அது வழக்கமானது. முதல் வாரம் எதிரில் வைகுண்டராஜ் சால்னாவில் பரோட்டாவைப் பிய்த்துப்போடும்போது கர்ணன் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இரண்டாம் வாரம் அப்படித் திரும்பி உட்காரத் தேவைப்படவில்லை என்று சொல்ல முடியாது. கார்த்திகை வரைக்கும் திரும்பித்தான் உட்கார்ந்தார்.

ஒருநாள் டியூட்டி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் விடிந்ததும் சுருளி ரோட்டில் நடந்தார். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். தோட்டத்துக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "கண்டக்டரே, பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்று கேட்டார்கள். நாலாம் நாள் குதிகால் வலி எடுத்துத் தரையில் கால் ஊன்ற முடியவில்லை. ரப்பர் செருப்போடு நடந்ததுதான் காரணம் என்றார் டாக்டர். கேன்வாஸ் ஷூ வாங்கினார். பத்து நாள் விட்டுவிட்டு, பாதித் தூரத்திலிருந்து மறுபடி தொடங்கினார். திருச்சியில் வண்டி நிற்கும் நாற்பது நிமிஷத்தில் பின் சீட்டில் படுத்துத் தூங்குவதை விட்டு, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தார்.

மார்கழி கடைசியில் தொண்ணூற்று நாலு. அதற்கு மேல் மெஷின் அசையவில்லை. வாரம் ஒருமுறை ஏறினார். ஐந்து வாரம் அதே தொண்ணூற்று நாலு. கர்ணனுக்கு மெஷின் மேலேயே சந்தேகம் வந்து, தேனி பஸ் ஸ்டாண்டு மெஷினிலும் ஏறிப் பார்த்தார். அது தொண்ணூற்று நாலரை என்றது.

"ஒரு நாளைக்கு எத்தன டீ குடிக்கிறீக?" என்று கேட்டாள் முனீஸ்வரி.

"நாலு இருக்கும்."

"எண்ணிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

எண்ணினார். பதினொன்று. கம்பத்தில் வண்டி எடுக்குமுன் ஒன்று, தேனியில் ஒன்று, பெரியகுளத்தில் தெரிந்தவர் வாங்கிக்கொடுத்தது ஒன்று, இப்படியே திருச்சி போய்த் திரும்பும்வரை. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சீனி. அதில் நாலு டீயோடு வடையும் உண்டு. அன்றிலிருந்து நாலு டீயாக்கி, அதிலும் சீனி வேண்டாம் என்றார். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், திருச்சி ரோடு முழுக்க "கண்டக்டருக்குச் சுகர்" என்று பரவிவிட்டது. சுருளிப்பட்டியிலிருந்து அக்கா பஞ்சம்மாள் ஒரு வெடைக்கோழியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தாள்.

"என் தம்பி உருகிப் போயிட்டானே! ஏத்தா முனீஸ்வரி, அவனுக்குச் சோறு கீறு போடுறியா இல்லையா?"

கர்ணன் டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார். பஞ்சம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே அவள் முன்னால் உட்கார்ந்து கோழிக்கால் ஒன்றைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை நின்றது.

மெஷின் மெதுவாக நகர்ந்தது. பங்குனியில் தொண்ணூற்று ஒன்று.

பிறகு சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா வந்தது. எட்டு நாளும் அவருக்குச் சிறப்புப் பேருந்தில் டியூட்டி. வீட்டுக்கு வர நேரமில்லை, டப்பா இல்லை, நடை இல்லை. வண்டியை நிறுத்தும் இடத்தில் எல்லாம் யாராவது எதையாவது கையில் திணித்தார்கள். புளியோதரை, பொங்கல், மிளகாய் பஜ்ஜி, ராட்டினத்தருகே விற்கும் டெல்லி அப்பளம். கர்ணன் எல்லாவற்றையும் தின்றார். திருவிழா முடிந்து மெஷினில் ஏறினால் தொண்ணூற்று நாலு. அட்டையைக் கசக்கி எறிந்தார். எட்டு மாதம் பட்ட பாடு எட்டு நாளில் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றியது. இனி என்ன இருக்கிறது என்று ஓட்டலில் டப்பாவைத் திறக்காமல் பரோட்டா கேட்டார். வைகுண்டராஜ் தன் தட்டைத் தள்ளி இடம் கொடுத்தார். ஷூ கட்டிலுக்கடியில் போனது. ஆனி பிறந்தபோது தொண்ணூற்று ஏழு.

முனீஸ்வரி டியூட்டி நாளெல்லாம் கட்டிக்கொடுத்த டப்பா திறக்காமலே திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் ஊசிப்போன அவரைக்காயைக் கொட்டிக்கொண்டே கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, திண்டுக்கல்லுல டயர் பஞ்சர் ஆகி ஒரு டிரிப்பு ரெண்டு மணி நேரம் லேட்டாயிருச்சுன்னு வைங்க. மறுநா வண்டிய எடுக்க மாட்டோம்னு டிப்போலயே படுத்துக்கிருவீகளா?"

"அது எப்படிப் படுக்க முடியும்?"

"திருவிழாவுல தின்னீக, சரி. அது எட்டு நா. மூணு கிலோ. அதுக்குப் பெறகு ஏறுன மூணு கிலோவ எந்தச் சாமி திங்கச் சொல்லுச்சு?"

கர்ணனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எழுந்து வெளியே போய் வாசலில் நின்றார். அவள் சொன்ன கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தார். கிடைக்கவில்லை. உள்ளே வந்து கட்டிலுக்கடியில் கையை விட்டு ஷூவைத் துழாவினார். ஒன்றுக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"நாளைக்கு நானும் வாரேன்" என்றாள் முனீஸ்வரி. அவளுக்கும் படியேறும்போது முட்டி வலி இருந்தது. அதை அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. புருஷனோடு ஒரு பொம்பளை விடியற்காலையில் வேலை வெட்டி இல்லாமல் நடப்பதைத் தெரு ஒரு மாதம் வேடிக்கை பார்த்தது. பிறகு எதிர் வீட்டுக்காரியும் சேர்ந்துகொண்டாள்.

இரண்டாயிரத்து மூன்று மாசியில் எண்பத்தேழு. டாக்டர் கேட்ட இருபது கிலோவுக்கு நாலு குறைவு. அவர் கொதிப்பு மாத்திரையைப் பாதியாக்கி, "இத இப்படியே வச்சுக்குங்க, போதும்" என்றார். எண்பத்தைந்துக்காவது கொண்டுவர வேண்டும் என்று கர்ணன் இன்னும் இரண்டு வருஷம் முயன்றார். வரவில்லை. பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டார்.

ஒவ்வொரு வருஷமும் வீரபாண்டித் திருவிழாவுக்கு இரண்டு மூன்று கிலோ ஏறும். ஆடிக்குள் இறங்கிவிடும். திருவிழா முடிந்த மறுநாள் காலையில் என்ன வந்தாலும் நடந்துவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மட்டும் மெஷினில் ஏறுவதில்லை.